செண்பகத்துக்குப் பதினான்கு நாள்

அரசாங்க குவாட்டர்ஸ் விதிப்படி, குடியிருப்பவர் வளர்க்கும் எந்த மரமும் கூரை விளிம்பைத் தாண்டக் கூடாது. தாண்ட வேண்டுமானால் எழுத்தில் அனுமதி கேட்க வேண்டும். கேட்டால் பதினான்கு நாளுக்குள் பதில் தரப்பட வேண்டும். பிரிக்பீல்ட்ஸில் எங்கள் வாசலில் நின்ற செண்பகம் இதில் எதையும் படித்ததில்லை. பத்து வயதில் எனக்குக் காலை என்பதே, தாழ்ப்பாளை நீக்கும் முன் கதவிடுக்கில் வந்து நிற்கும் அதன் வாசமும், தண்டவாளப் பக்கமிருந்து வரும் எண்ணெய் நெடியும்தான்.

வருஷத்தில் ஒரு ஞாயிறு எங்கள் வரிசையில் "தோட்டம் பார்க்கிற நாள்". அருகிலிருந்த பார்வையற்றோர் விடுதிக்கு உதவுவதற்காக, டிக்கெட் வாங்கியவர்கள் வீடு வீடாக வந்து வாசல் செடிகளைப் பார்த்துப் போவார்கள். விடுதிக்காரர்களும் விருந்தாளிகளாக வருவார்கள். அவர்களை வரவேற்கப் பெண்கள் வாரக்கணக்கில் தொட்டிகளுக்குக் காவி பூசி, ஒவ்வொரு செடியின் பெயரையும் அட்டையில் அழகாக எழுதிச் செருகினார்கள். இதில் ஏதோ இடிக்கிறதே என்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான், அட்டைகளை எழுதியதே நான்.

அம்மா எஸ்டேட்டில் பிறந்தவள். வரிசையிலிருந்த படித்த பெண்கள் மற்ற நாட்களில் அவளிடம் உப்பு கேட்பதோடு சரி. அந்த ஒரு நாள் மட்டும் எங்கள் வாசலில்தான் கூட்டம் நிற்கும். விடுதியில் தங்கி டெலிபோன் ஆபரேட்டராக வேலை பார்த்த ஸ்டெல்லா அக்கா, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு மரத்தடியில் அரைமணி நேரம் உட்கார்ந்திருப்பார். அவர் எழுந்தால் தாங்கள் உட்காரலாமென்று மற்றவர்கள் காத்திருப்பார்கள். வண்ணக் குரோட்டன் வளர்த்த வீடுகளில் இந்தத் தொல்லை இல்லை.

அந்த வருஷம் சிறப்பு விருந்தினர், விதிகளைக் கவனிக்கும் குவாட்டர்ஸ் ஓவர்சியர்தான் என்று முடிவானது. பக்கத்து வீட்டுப் பாக்கியம் ஆன்டி வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தார். "ஏன் லெட்சுமி, உன் மரத்தை அவர் பார்த்தா உன் வீட்டுக்காரருக்குப் புரமோஷனா, டிரான்ஸ்பரா?"

கிளார்க்காக இருந்த அப்பாவின் பதவி உயர்வுத் தாள் அப்போது மேலிடத்தில் கிடந்தது. அன்றே அம்மா என்னை உட்கார வைத்து, மரத்துக்கு அனுமதி கேட்டு ஆங்கிலத்தில் கடிதம் எழுதச் சொன்னாள். "பணிவா எழுது. கடைசில தேங்க்யூ போடு." போட்டேன். அம்மா கையெழுத்திட, நானே ஓவர்சியர் அலுவலகப் பெட்டியில் போட்டுவிட்டு வந்தேன்.

பதினான்கு நாள் கழிந்தது. இன்னும் ஒரு வாரமும் கழிந்தது. சனிக்கிழமை காலை அப்பா "பாராங்" கத்தியைத் தீட்ட ஆரம்பித்தார்.

"இன்னிக்குத் தபால் வர்ற வரைக்கும் பொறுங்களேன். பதில் வந்திரும்" என்றாள் அம்மா.

"பதில் வரலன்னா அனுமதி இல்லன்னு அர்த்தம். நாளைக்கு அந்த ஆளு அண்ணாந்து பார்த்து மெமோ அனுப்புனா, நீயா பதில் எழுதுவ?"

"அதையும் இவளே எழுதுவா" என்று அம்மா என்னைக் காட்டினாள்.

வெட்டுப்பட்ட மரம் நான் எழுதிய பெயர் அட்டைகளின் மேல் சாய்ந்தது. அம்மா அழவில்லை. கிளை கிளையாகப் போய்ப் பூக்களைப் பறித்தாள். நான் பேசின் பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன். அப்போது என்ன நினைத்தேன் என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. பேசினின் விளிம்பு நீலம் என்பது மட்டும் நினைவிருக்கிறது.

மறுநாள் ஓவர்சியர் வந்தார். முதல் இரண்டு வீடுகளைப் பார்த்தார், சிரப் தண்ணீர் குடித்தார், போய்விட்டார். எங்கள் வீடு ஏழாவது.

ஸ்டெல்லா அக்கா வாசல் கேட் அருகே தயங்கி நின்றார். "என்னம்மா, வாசல் மாறி வந்துட்டேனா? நான் மூக்கால வீட்டு நம்பர் படிக்கிறவ லா."

"வாசல் சரிதான் அக்கா. மரம்தான் இல்ல."

அவர் உட்கார்ந்து, வெட்டிய இடத்தை உள்ளங்கையால் தடவினார். "இன்னும் ஈரமா இருக்கே" என்றார். அம்மா பேசினிலிருந்த பூவை அவர் மடியில் கொட்டினாள். வழக்கம்போல் அரைமணி நேரம் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். அன்று பின்னால் யாரும் காத்திருக்கவில்லை.

பிறகு நானும் அரசாங்க உத்தியோகத்துக்குப் போய்த் தெரிந்துகொண்டது இது: அப்படிப்பட்ட விண்ணப்பம் அப்பாவின் இலாகாத் தலைவர் வழியாகப் போக வேண்டும், அவர் முத்திரை விழுந்த பிறகுதான் பதினான்கு நாள் ஆரம்பமாகும். 'வழியாக' என்ற அந்த ஒரு வரியை நான் எழுதவில்லை. கடிதம் திரும்பிப் போய், மேசை மேசையாக ஏறி இறங்கியிருக்கிறது. ஓய்வு பெறும்வரை என் மேசைக்கு வந்த எந்த விண்ணப்பமும் பதினைந்தாம் நாளைப் பார்த்ததில்லை. கறாரான பொம்பளை என்றார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

போன மாதம், குவாட்டர்ஸ் இருந்த இடத்தில் எழுந்துள்ள கொண்டோமினியத்தின் எட்டாவது மாடியில், குடியிருப்பாளர்கள் வளர்த்த தோட்டத்தை அறநிதிக்காகத் திறந்திருந்தார்கள். டிக்கெட் வாங்கிக்கொண்டு போனேன். ஓரத்தில் ஒரு தொட்டியில், இடுப்பளவில் தலை வெட்டப்பட்ட செண்பகம்.

"மேனேஜ்மென்ட் ரூல் ஆன்டி, இதுக்கு மேல வளர விடக் கூடாது" என்றாள் அங்கே நின்ற பெண். "இந்தக் கியூஆரை ஸ்கேன் பண்ணுங்க, பேர் வரும் லா."

பேர் தெரியும் என்றேன். குனிந்து முகர்ந்து பார்த்தேன். பூக்கிற வயதுக்கு அதை வளர விட்டிருக்கவில்லை.

வரிசை வீடுகள் இல்லை, வேலி இல்லை, அட்டைகளைத் தடவிப் பார்த்துச் சிரித்த விடுதிக்காரர்களும் இல்லை. கடிதம் மட்டும் என் கோப்பில் இருக்கிறது: ஓரத்தில் நான்கு பேரின் சுருக்கொப்பம், கீழே 'அனுமதி அளிக்கப்படுகிறது'. அது எங்கள் வீட்டுக்கு வந்தது, தோட்டம் பார்க்கிற நாளுக்கு மறுநாள், திங்கட்கிழமை, காலைத் தபாலில்.