கீழ்விளிம்பில் ஒரு சந்தனப் பொட்டு

புது போன் வெளியாகும் அன்று எங்கள் கடை வாசலில் நிற்கிற கூட்டத்தைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பும் வரும், எரிச்சலும் வரும். போன வருஷம் வாங்கிய போன் கையில் நன்றாகத்தான் வேலை செய்துகொண்டிருக்கும். ஆனாலும் மடக்கு நாற்காலி, தண்ணீர்ப் போத்தல் சகிதம் மால் திறப்பதற்கு முன்பே வந்து உட்கார்ந்துவிடுவார்கள். இந்த வருஷம் செம்பு நிறத்துக்குத்தான் அடிதடி. "கறுப்பு இருக்கு பாஸ், உள்ள எல்லாம் ஒண்ணுதான்" என்று சொன்னதற்கு ஓர் ஆள் முறைத்த முறைப்பைப் பார்க்க வேண்டுமே, அவர் வீட்டுச் சொத்தை நான் எழுதி வாங்கிக்கொண்ட மாதிரி.

நான் புனிதா. ஈப்போவில் ஒரு மாலில் போன் விற்கிறேன். எதிர்க்கடையில் வெளிநாட்டுக் கைப்பை விற்கிறார்கள். கண்ணாடிக்குள் ஒரே ஒரு பையை வைத்து அதற்கு மேல் வரிசையாக விளக்கு போட்டிருப்பார்கள். பார்க்க வருகிறவர்கள் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு போவார்கள். எங்கள் இரண்டு கடைக்கும் நடுவில் இருக்கும் தரையைத் துடைப்பவர் மங்களம் அக்கா. அந்தக் கண்ணாடியையும் அவர்தான் துடைப்பார்.

வெளியீட்டு நாளன்று அக்கா துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு வரிசையை வேடிக்கை பார்த்தார்.

"பெரட்டுக்கு நிக்கிற மாதிரி நிக்குதுங்க பாரு புனிதா. ஆனா இங்க யாரும் ஏசலைலா, ஏசி போட்டு விட்டிருக்காங்க" என்றார்.

தோட்டத்தில் விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்க வரிசையில் நிற்பதற்குப் பெரட்டு என்று பெயர். லகாட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றில் பிறந்தவர் அக்கா. தோட்டத்தை வீடு கட்ட விற்றதும் குடும்பம் ஈப்போவுக்குப் பக்கத்தில் ஜெலாப்பாங்குக்கு வந்துவிட்டது. அங்கே கையுறைத் தொழிற்சாலையில் அக்காவுக்கு வேலை. லாரி ஓட்டிய கணவர் கனகராஜ், மகன் ஷர்வின் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோதே மாரடைப்பில் போய்விட்டார். ஒற்றை ஆளாக மகனைப் படிக்க வைத்து சிங்கப்பூருக்கு வேலைக்கு அனுப்பினார். தொழிற்சாலை ஓய்வு கொடுத்தபின் மாலுக்கு வந்தார். மகன் வேண்டாம் என்றுதான் சொன்னானாம். "வீட்டுல உக்காந்து என்னா செய்ய? சுவரு பேசுமா?" என்றார் என்னிடம்.

அன்றைக்கு முன்பதிவுப் பெட்டிகளில் ஒன்றின் மேல் அக்காவின் பெயர் ஒட்டியிருந்தது. செம்பு நிறம்தான். ஷர்வின் சிங்கப்பூரிலிருந்தே பணம் கட்டி, அம்மா வந்து எடுத்துக்கொள்வார் என்று சொல்லியிருந்தான். நான் கூப்பிட்டதும் அக்கா கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வந்தார். செம்பு கிடைக்காமல் முறைத்த ஆள் இன்னும் கடையிலேயேதான் நின்றார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பரம திருப்தி.

"ஸ்டிக்கரப் பிரிக்காத. சாமிகிட்ட வச்சிட்டு நாளைக்குக் கொண்டாரேன்" என்றார் அக்கா.

இது எனக்குப் புதிதில்லை. கார் வாங்கினால் சக்கரத்தில் எலுமிச்சம்பழம், போன் வாங்கினால் பெட்டியில் பொட்டு. நம் ஆட்கள் எத்தனை பேர் குங்குமம் வைத்த பெட்டியோடு வந்து சிம் போட்டுத் தரச் சொல்லியிருக்கிறார்கள். மறுநாள் அக்கா கொண்டுவந்த போனிலும் பொட்டு இருந்தது, ஆனால் தேடித்தான் பார்க்க வேண்டும். கண்ணாடியில் வைத்தால் கறையாகிவிடும், பின்னால் வைத்தால் கேமரா மறையும். அதனால் கீழ்விளிம்பில் சார்ஜர் செருகும் இடத்துக்குப் பக்கத்தில் துளியூண்டு சந்தனம் வைத்திருந்தார். எனக்கு அது அழகாகத்தான் தெரிந்தது. ஷர்வினைக் கூப்பிட்டுக் கொடுத்தேன், பேசினார், வீட்டுக்குப் போனார். அதற்கப்புறம் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் குளித்துவிட்டுப் பழைய பொட்டின் மேலேயே புதுப் பொட்டு வைத்திருக்கிறார்.

தீபாவளி நெருங்கும்போது ஒரு நாள் வேலைக்கு நடுவில் கடைக்குள் வந்தார். கண் கலங்கியிருந்தது.

"நான் பேசுறது என் மகனுக்குக் கேக்க மாட்டேங்குது புனிதா. அவன் பேசுறது மட்டும் நல்லா கேக்குது."

"எப்பத்துல இருந்துக்கா?"

"ரொம்ப நாளாச்சு. லைன் சரியில்லைன்னு நெனச்சேன்."

வேறு யாருக்காவது கேட்கிறதா என்று கேட்டேன். வேறு யார் கூப்பிடுகிறார்கள் என்று திருப்பிக் கேட்டார். சூப்பர்வைசர் எதுவாக இருந்தாலும் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுவார், பதில் எதிர்பார்க்க மாட்டார். இத்தனை நாளாக ஒரு மனுஷியின் குரல் வெளியே போகவில்லை, அதைக் கண்டுபிடித்துச் சொல்ல ஓர் ஆள் இல்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டேன்.

அக்கா உட்கார்ந்து சொன்னார். முதலில் ஷர்வின் ஹலோ ஹலோ என்று கத்திவிட்டு வைத்துவிடுவானாம். பிறகு பயந்துபோய் அடிக்கடி கூப்பிட்டிருக்கிறான். வீடியோவில் அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் நிம்மதியாகி, "சரி மா, நான் பேசுறது கேக்குதுன்னா தலைய ஆட்டுங்க" என்று அவன் பாட்டுக்குப் பேச ஆரம்பித்தானாம். என்ன சாப்பிட்டான், எந்த மேனேஜர் ஏசினான், வேலை நிலைக்குமா என்ற பயம், ஒரு பெண்ணைப் பிடித்திருந்தது, அது சரிப்பட்டு வரவில்லை, எல்லாம். ஒரு நாள் அழுதுகூட இருக்கிறான்.

"இதெல்லாம் எங்கிட்ட சொன்னதே இல்ல அவன். சாப்பிட்டியான்னு கேட்டா சாப்பிட்டேம்பான். எப்ப வாரேன்னு கேட்டா பாக்கலாம்பான். அவ்வளவுதான் எங்க பேச்சு."

"அப்ப நல்லதுதானேக்கா?"

"நேத்து, தீபாவளிக்கு வரட்டுமா மான்னு கேட்டான். நான் வாய்யா வாய்யான்னு கத்துறேன், தலையையும் ஆட்டுறேன். அதுக்குள்ள படம் நின்னுபோச்சு. நான் வரச் சொன்னது அவனுக்குத் தெரியாதுலா."

போனைத் திருப்பிப் பார்த்தேன். கீழ்விளிம்பில் மைக் ஓட்டை இருந்த இடமே தெரியவில்லை, சந்தனம் இறுகிப்போய் அடைத்திருந்தது. எங்கள் ஊரில் தவிர வேறு எங்காவது போனுக்கு இப்படி ஒரு வியாதி வருமா! மெல்லிய பிரஷ்ஷும் ஊசியும் வைத்து, உள்ளே குத்திவிடாமல் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டினேன். மேசையெல்லாம் சந்தனத் தூள். கடைக்குள் கோயில் வாசனை அடித்தது. என்ன பெர்ஃப்யூம் என்று ஒரு சீனப் பெண் வந்து கேட்டுவிட்டுப் போனார்.

இனிமேல் கீழ்விளிம்பில் பொட்டு வைக்கவே கூடாது என்று ஒன்றுக்கு நாலு தடவை சொல்லிவிட்டு, சரிசெய்த கையோடு ஷர்வினைக் கூப்பிடச் சொன்னேன். ஸ்பீக்கரில் போட்டார்.

"அய்யா, தீபாவளிக்கு வாய்யா" என்றார், ஹலோகூடச் சொல்லாமல்.

"ஆ! கேக்குது கேக்குது! மா, நல்லா கேக்குது! அப்பாடா. என்ன ப்ராப்ளமாம்?"

"நீ வரட்டுமான்னு கேட்டியே. வாய்யா. முறுக்கு சுடுறேன்."

"பாக்கலாம் மா. இப்ப மீட்டிங்லா. போன் சரியாயிருச்சில்ல, இனி கவலை இல்ல. அப்புறம் கூப்பிடுறேன்."

வைத்துவிட்டான். அக்கா போனைச் சட்டைப் பையில் போட்டார். பிறகு வாளியைத் தள்ளிக்கொண்டு போனார்.

தீபாவளிக்கு அவன் வரவில்லை. கூரியரில் ஒரு பெட்டி வந்தது. விடுமுறை முடிந்து வேலைக்கு வந்த அன்று அக்கா எதிர்க்கடைக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, உள்ளே விளக்கு வெளிச்சத்தில் இருந்த பையை எனக்குக் காட்டினார்.

"இதே பைதான் அனுப்பியிருக்கான். இதே நெறம்."

"அடடே! வெளிய எடுத்துட்டுப் போங்கக்கா, ஊரே பாக்கட்டும்."

"எங்க போறதுக்கு?" என்று கேட்டார்.

முறுக்கு ஒரு டின் நிறையக் கொண்டுவந்திருந்தார், மாலில் வேலை செய்கிறவர்களுக்கெல்லாம் கொடுத்தார். அந்தக் கைப்பைக் கடைக் காவலாளிக்கும் கொடுத்தார். மகனிடம் பேசினீர்களா என்று அவ்வப்போது கேட்பேன். "பேசினான், சாப்பிட்டானாம்" என்பார். வர வர அதைச் சொல்வதும் குறைந்தது.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை அக்கா கடை வாசலில் தரை துடைத்துக்கொண்டிருந்தபோது சட்டைப் பையிலிருந்து போன் எட்டிப் பார்த்தது. கீழ்விளிம்பில் சந்தனம். துளியூண்டு இல்லை, நன்றாகக் குழைத்து அழுத்தி வைத்த சந்தனம். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"எத்தனை தடவை சொன்னேன் அக்கா, கீழ வைக்காதீங்கன்னு! கொண்டாங்க இப்படி."

நான் கையை நீட்டினேன். அவர் போனை எடுத்து மார்போடு வைத்துக்கொண்டார்.

"வேணாம்லா புனிதா. தெரிஞ்சுதான் வச்சேன்."

"அக்கா!"

"நான் பேசுறது கேட்டா, நல்லாருக்கேன்னு தெரிஞ்சிக்கிட்டு வச்சிடுறான். கேக்கலைன்னா பேசுறான். நேத்து எவ்வளவு நேரம் பேசுனான் தெரியுமா?" என்று சொல்லிவிட்டு வெட்கப்பட்டார், ஏதோ திருடி மாட்டிக்கொண்டவர் மாதிரி.

எனக்கு அழுகையாக வந்தது. அந்தப் பையன் எதிரே இருந்தால் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். கையில் எடுத்த பிரஷ்ஷைத் திரும்ப இழுப்பறைக்குள் போட்டேன்.

போன் அடித்தது. சத்தத்தில் அக்காவுக்குக் காது கேட்காது என்று ஸ்பீக்கரில் போட்டு, தூண் ஓரமாக ஒதுங்கினார்.

"மா? மா, கேக்குதா? அம்மா? இன்னும் சரியாகலையா? சே! சரி மா, நீங்க இருக்கீங்கல்ல, நான் பேசுறேன், கேளுங்க. இன்னிக்கு என்னாச்சு தெரியுமா..."

அக்கா வாளியைச் சுவரோரம் தள்ளிவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்தார். அவன் சொல்லச் சொல்ல, ஒவ்வொன்றுக்கும் "ம்", "ம்" என்று கொட்டிக்கொண்டிருந்தார்.