ஓசூருக்கு வந்த அப்பா அம்மாக்கள்

வீடு வீடாகப் போய் வைத்தியம் பார்க்கிற பிசியோதெரபிஸ்டுக்கு, நோயாளியின் முட்டியைப் பற்றித் தெரிவதற்கு முன்பே அந்த வீட்டுச் சண்டை தெரிந்துவிடும். ஓசூரில் நான் ஸ்கூட்டரில் போய்வரும் வீடுகளில் சண்டை பெரும்பாலும் ஒன்றேதான். அப்பாவையோ அம்மாவையோ ஊரிலிருந்து இங்கே கூட்டிவந்தது சரியா, தப்பா? மகன் ஒரு கட்சி, ஊரில் இருக்கிற அண்ணன் போனில் எதிர்க்கட்சி. நடுவே கட்டிலில் படுத்திருப்பவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கமாட்டார்கள். தீர்ப்புக்காக என் முகத்தைப் பார்ப்பார்கள். நான் "காலைத் தூக்குங்க, மெதுவா எறக்குங்க" என்று சொல்லித் தப்பித்துக்கொள்வேன். உங்கள் வீட்டிலும் எழுபதைத் தாண்டிய ஒருவர் இருந்தால் இதைப் படிக்கும்போது நடுநடுவே பெருமூச்சு வரும். தாராளமாக விடுங்கள், அதுவும் ஒரு மூச்சுப் பயிற்சிதான்.

பார்த்துக்கொள்ளும் மகன்

மாணிக்கம் ஐயா சிங்காரப்பேட்டைக்காரர். பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துபோய், கொஞ்சம் கொஞ்சமாகத் தேறிக்கொண்டிருந்தார். மனைவி இல்லை. மகன் சேகருக்குத் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் வேலை, மருமகளும் வேலைக்குப் போகிறவள். சேகர் நல்ல பிள்ளை. அப்பா பகலெல்லாம் தனியாக இருக்கிறாரே என்று ஹாலில் ஒரு கேமரா, சமையலறை வாசலில் ஒன்று, கட்டிலுக்கு நேராகச் சுவரில் ஒன்று என்று மாட்டிவிட்டார். சாப்பாட்டு இடைவேளையில் போனைத் திறந்து பார்ப்பார். நான் பயிற்சி கொடுத்துக்கொண்டிருக்கும்போதே சுவரிலிருந்து குரல் வரும்: "அப்பா, மாத்திரை போட்டியா?" முதல் தடவை தூக்கிவாரிப் போட்டதில் நான் எழுந்தே நின்றுவிட்டேன்.

ஒரு நாள் போனால், கட்டிலுக்கு நேராக இருந்த கேமராவின் மேல் ஈரத்துண்டு தொங்கியது. அந்த உயரத்துக்குத் துண்டை வீச முடிந்திருக்கிறதே, தோள் நன்றாகத் தூக்க வந்துவிட்டது என்று எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். அதற்குள் என் போன் அடித்தது. "மேடம், ஒண்ணுமே தெரியல, அப்பாவுக்கு என்ன ஆச்சு?" என்று சேகர் பதறினார். ஒன்றும் ஆகவில்லை, துண்டு காய்கிறது என்றேன். மனசு கேட்காமல் அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்துவிட்டார். வந்தவர் அப்பாவுக்குச் சோறு போட்டு, தானும் பக்கத்திலேயே தட்டோடு உட்கார்ந்தார். ஐயா அன்றைக்கு இரண்டாம் தடவை ரசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். மகன் கை கழுவப் போன நேரம் பார்த்து, சுவரிலிருந்த கேமராவைக் கண்ணால் காட்டி என்னிடம் மெதுவாகச் சொன்னார்:

"என்ன பாத்துக்கறேன்னு சொல்லித்தாம்மா ஊர்லேர்ந்து கூட்டியாந்தான். இந்த மாதிரி பாத்துக்குவான்னு நெனைக்கல."

நின்றுபோன லிஃப்ட்

லட்சுமம்மா ராயக்கோட்டை தக்காளி மண்டியில் வியாபாரம் செய்தவர். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் ஆளை அதட்டக்கூடியவர். மகள் வீட்டுக்கு வந்து, முட்டி ஆபரேஷன் முடிந்து, நன்றாக நடக்கவும் ஆரம்பித்துவிட்டார். ஆனால் நடையெல்லாம் அந்த நாலாவது மாடி ஹாலுக்குள்தான். லிஃப்ட் என்றால் அவருக்கு நடுக்கம். கதவு மூடும்போது சேலையைக் கவ்விக்கொள்ளும் என்பார். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே போகிற ஆட்டோக்களைப் பார்ப்பதுதான் அவருடைய ஒரே வெளியூர்ப் பயணம். பேச்சு குறைந்தது, பிறகு சாப்பாடும் குறைந்தது. "எங்கம்மாவ நானே கொண்டாந்து அடைச்சிட்டேனோ?" என்று மகள் என்னிடம் கண் கலங்கினாள்.

நான் லிஃப்ட்டையே ஒரு பயிற்சியாக ஆக்கினேன். முதலில் வாசலில் நிற்பது. அப்புறம் உள்ளே போய் உடனே வெளியே வருவது. பிறகு ஒரு மாடி மட்டும் இறங்குவது. கடைசியில் ஒரு நாள் கீழே வரைக்கும் போய், தோட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு ஏறினோம். காய்கறிப் பையோடு ஒரு பெண்ணும் எங்களோடு ஏறினாள். பாதி வழியில் கரண்ட் போய் லிஃப்ட் நின்றது. போச்சு, இனி இந்த அம்மா ஜென்மத்துக்கும் வெளியே வரமாட்டார் என்று நினைத்தபடி அலாரம் பட்டனைத் தேடினேன். லட்சுமம்மா என் தோளை இறுக்கிப் பிடித்தார், கண்ணை மூடினார், திறந்தார். பிறகு அந்த மங்கல் வெளிச்சத்தில் பக்கத்துப் பைக்குள் கையை விட்டு ஒரு தக்காளியை அழுத்திப் பார்த்து, "இத எவன் உன் தலையில கட்டினான்?" என்றார். அந்தப் பெண் தெலுங்கில் ஏதோ சமாதானம் சொல்ல, இவர் தெலுங்குக்கு மாற, அதற்கப்புறம் நான் அங்கே இருப்பதே இருவருக்கும் மறந்துபோனது. ஜெனரேட்டர் ஓடி லிஃப்ட் நகர்ந்தது. நாலாவது மாடியில் எங்களோடு அவளும் இறங்கி, எதிர்க்கதவைத் திறந்தாள். லட்சுமம்மா வாயில் கை வைத்தார்.

"எதிர் வீட்டுக்காரி மூஞ்சிய இத்தன மாசத்துல இன்னைக்குத்தான் பாக்கறேன். இந்த லிப்டு அடிக்கடி நின்னா நல்லாருக்கும்மா."

ஊர்க் காற்று

ஆரோக்கியமேரி அம்மாவைப் பார்க்க ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் வேன் பிடித்து வந்திருந்தார்கள். நான் அவருக்கு வாக்கரில் நடை பழக்கிக்கொண்டிருந்தேன். வந்தவர்கள் சோபாவில் உட்கார்ந்து வீட்டைச் சுற்றிப் பார்த்தார்கள். ஜன்னலுக்கு வெளியே இன்னொரு ஜன்னல்தான் தெரிந்தது. "நம்ம ஊர்ல எப்படிக் காத்து வரும்! இங்க பாவம், அக்காவ பொட்டிக்குள்ள போட்ட மாதிரி இருக்குது" என்று ஒருவர் உச்சுக்கொட்டினார். காப்பி கொண்டுவந்த மகன் முகம் தொங்கிவிட்டது. அவன் ஏற்கெனவே அதே கவலையில் இருக்கிறவன்.

அந்த அம்மா ஊரில் தனியாக இருந்தவர். மாட்டுக் கொட்டகையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்து, கூப்பிட்டும் யாரும் வராமல் கிடந்து, மறுநாள் பால் வாங்க வந்தவர் பார்த்துச் சொல்லித்தான் தூக்கினார்கள். இப்போது அவர் நடையை நிறுத்திவிட்டு, வாக்கரைப் பிடித்தபடியே சொந்தக்காரர்கள் பக்கம் திரும்பினார். குரலில் கோபமே இல்லை.

"காத்து அங்க நல்லாத்தான் இருந்துச்சு. நான் விழுந்து கெடந்தப்ப அந்தக் காத்து மட்டும்தான் எம் பக்கத்துல இருந்துச்சு."

அடுத்த தெரு மருமகள்

நஞ்சப்பன் ஐயாவுக்கு மறதி ஆரம்பித்திருந்தது. தடுமாறாமல் நடப்பதற்காக என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். மருமகள் கவிதா வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிறவள். ஒரு நாள் நான் போனபோது கதவு திறந்து கிடந்தது, ஐயாவைக் காணோம். காதில் மாட்டியிருந்த ஹெட்போனைக் கழற்றிவிட்டு வந்த கவிதா பதறிப்போனாள். தெருக்கோடியைத் தாண்டினால் பெங்களூர் போகிற மெயின் ரோடு, லாரி ஓயாது. அவள் செருப்புகூடப் போடாமல் அந்தப் பக்கம் ஓடினாள். நான் ஸ்கூட்டரைத் திருப்பித் தெருத்தெருவாகத் தேடினேன். அந்த லேஅவுட்டில் எல்லா வீடும் ஒரே ஆள் கட்டியவை. அதே கேட், அதே பெயிண்ட், அதே மாடிப்படி. எனக்கே அங்கே வழி தப்பும்.

அடுத்த தெருவில் ஒரு வீட்டு வாசலில் அவருடைய செருப்பு ஒழுங்காக ஓரமாக விடப்பட்டிருந்தது. உள்ளே எட்டிப் பார்த்தால், ஐயா நாற்காலியில் சாய்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார். எதிரில் ஒரு கன்னடக்கார அம்மாள், ஐம்பது வயது இருக்கும், தரையில் உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் போன் பண்ணியதும் கவிதா ஓடிவந்தாள். மாமனாரைப் பார்த்ததும் படியிலேயே உட்கார்ந்து அழுதாள். அழுதுகொண்டே அந்த அம்மாளிடம், தொந்தரவு கொடுத்துவிட்டோம், மன்னிச்சுக்குங்க என்றாள். அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு தன் தமிழில் சொன்னாள்:

"யாரு நீங்கன்னு கேக்கத்தான் கிட்ட போனேன். அதுக்குள்ள அவுரு, 'ஏம்மா, சாப்ட்டியா?'ன்னு கேட்டுட்டாரு. என்னை அப்படி யாரும் கேட்டு ரொம்ப நாளாச்சு."

திங்கட்கிழமை கிளம்புகிறவர்

இத்தனை வீட்டைப் பார்த்த எனக்கும் ஒரு அப்பா இருக்கிறார், கிருஷ்ணகிரியில். மாம்பழக் கூழ் கம்பெனியில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மா போன பிறகு தனியாகச் சமைத்துக்கொண்டிருந்தார். ஒரு தடவை மயக்கம் வந்து அடுப்புப் பக்கத்தில் சாய்ந்துவிட்டார் என்று தெரிந்ததும், வேண்டாம் வேண்டாம் என்றவரைக் கூட்டிவந்துவிட்டேன். ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுக்கிறவள் என் வீட்டில் குறை வைப்பேனா? கைப்பிடி, வழுக்காத பாய், கட்டிலுக்குச் சரியான உயரம் எல்லாம் செய்தேன். என் கணவரும் பிள்ளைகளும் அவரிடம் பிரியமாகத்தான் இருந்தார்கள். ஆனாலும் அவர் பையைப் பிரிக்கவே இல்லை. "திங்கக்கெழம கெளம்பறேன்" என்று ஒவ்வொரு வாரமும் சொல்லிக்கொண்டே இருந்தார். எதுவும் குறையாகச் சொல்லமாட்டார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

ஒரு நாள் காலையில் நான் அவசரமாக ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். அப்பா சட்டை போட்டு, தலை சீவி, வாசலில் நின்றார். எங்கேப்பா என்றேன். பால் பூத் வரைக்கும் என்றார். தனியாகப் போகாதீர்கள், சாயந்திரம் நான் வந்து கூட்டிப்போகிறேன் என்றேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. சின்னதாகச் சிரித்துக்கொண்டு ஒன்று கேட்டார். அதைக் கேட்டதும் நான் ஹெல்மெட்டைக் கழற்றி, முதல் வீட்டுக்குத் தாமதமாகும் என்று போன் செய்துவிட்டு, அவரோடு நடந்தேன். அதிலிருந்து தினமும் நடக்கிறோம். வழியில் அவர் கம்பெனிக் கதை சொல்வார், நான் சொல்லாமல் வைத்திருந்த கதைகள் நானும் சொல்வேன். பையைப் பிரித்து அலமாரியில் அடுக்கிவிட்டார். திங்கட்கிழமை பேச்சு மட்டும் இன்னும் ஓயவில்லை. அன்றைக்கு அவர் கேட்டது இதுதான்:

"ஊர்ல இருக்கற அப்பனுங்களையெல்லாம் கையப் புடிச்சி நடக்க வெக்கற. நான் என்னா, கட்டணம் கட்டினாத்தான் வருவியா?"

பெற்றவர்களுக்கு நகரம் சரிப்படுமா என்று யாராவது கேட்டால் இப்போதெல்லாம் நான் முதலில் அவர்கள் வீட்டுக் குளியலறைத் தரையைத் தொட்டுப் பார்க்கிறேன், அப்புறம் பகலில் பெரியவர்களோடு பேச யார் இருப்பார்கள் என்று கேட்கிறேன். தரையில் வழுக்காதவர்கள்கூட அந்தக் கேள்வியில் வழுக்கிவிடுகிறார்கள்.