யானைப் படத்துக்குச் சொன்ன பதில்

ஆந்திராவில் இருக்கிற எங்கள் ஊர்ப் பள்ளியின் தமிழ்ப் பிரிவுக்கு வருஷம் தவறாமல் அரசாங்கம் புத்தகம் அனுப்பியது. வாத்தியாரைத்தான் அனுப்பவில்லை. இருந்தவர் ஓய்வு பெற்ற பிறகு, தெலுங்கு டீச்சரே இரண்டு பிரிவையும் ஒன்றாக உட்காரவைத்துத் தெலுங்கில் பாடம் நடத்தினார். சத்தியவேட்டைச் சுற்றிக் கம்பெனிகள் வந்த காலம் அது. கையில் சம்பளம் வந்தவர்கள் பிள்ளைகளை வேனில் ஏற்றி இங்கிலீஷ் பள்ளிக்கு அனுப்பிவிட்டார்கள். மிச்சமிருந்த நாங்கள் தமிழ் வாத்தியார் கேட்டு மனுக் கொடுத்தோம். சித்தூரிலிருந்து ஓர் அதிகாரி வந்து, பிள்ளைகள் பேசுவது தமிழ்தானா என்று பார்ப்பார் என்றார்கள். ஒன்று வாத்தியார் வருவார், இல்லை பிரிவையே மூடிவிடுவார்கள்.

அன்று காலை மகளுக்கு இறுக்கிப் பின்னல் போட்டேன். "சார் எது கேட்டாலும் மரியாதையா பதில் சொல்லணும்" என்றேன். எங்கள் பக்கத்தில் அதிகாரிக்கு மரியாதை என்றால் தெலுங்கு. தாசில்தார் ஆபீஸ் வாசற்படி ஏறும்போதே வாய் தானாக மாறிவிடும். இன்றைக்கு மட்டும் வேண்டாம் என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். எனக்குத் தோன்றவில்லை.

அதிகாரி தமிழ்ப் புத்தகத்தைப் பிரித்தார். யானைப் படத்தில் விரல் வைத்து, இது என்ன என்று தெலுங்கில் கேட்டார். என் மகள் எழுந்து கை கட்டிக்கொண்டு, "ஏனுகண்டி" என்றாள்; யானைங்க என்பதற்குத் தெலுங்கு. யானை குளிக்கிறது என்பதையும் கேட்காமலே தெலுங்கில் சொன்னாள். அவர் அவள் கன்னத்தைத் தட்டிவிட்டுப் புத்தகத்தை மூடினார்.

வாசலில் நின்ற நான் உள்ளே ஓடினேன். வீட்டில் தமிழ்தான் சார், உங்களுக்குப் பயந்து அப்படிச் சொல்லிவிட்டாள் என்று கெஞ்சினேன். பாதியில்தான் உறைத்தது, நானும் தெலுங்கில் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

அவர் சிரித்தார். டீச்சரும் சிரித்தார். "இவ்வளவு நன்றாகப் பேசுகிறீர்கள், உங்களுக்கு எதற்கம்மா தமிழ்?" என்று அதிகாரி தெலுங்கில் கேட்டார். தமிழில் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அப்போதும் தெலுங்குதான் வந்தது.

பிரிவை மூடினார்கள். ரேஷன் கடையில் பக்கத்து வீட்டுக்காரி எல்லார் காதிலும் விழச் சொன்னாள்: "படிச்சவளாச்சேன்னு உன்ன முன்னால வுட்டோம் பாரு. ஆத்தாளும் பொண்ணுமா போயி மூடிகினு வந்துட்டீங்க."

அடுத்த ஜூனில் தமிழ்ப் புத்தகக் கட்டு வழக்கம்போல வந்தது. மகள் மறந்துவிட்டுப் போன சாப்பாட்டுத் தட்டைக் கொடுக்க மதியம் பள்ளிக்குப் போனேன். அடுப்பிலிருந்து இறக்கிய சாம்பார் குண்டானுக்கு அடியில் அந்தப் புத்தகங்களைப் பரப்பியிருந்தார்கள். மகள் குனிந்து யானைப் படத்தைக் கண்டுபிடித்தாள்.

"அன்னிக்கு நான் கரெக்டா சொன்னேன் இல்லம்மா?"

"கரெக்டுதான்" என்று தட்டைக் கொடுத்தேன்.