தோல் குதிரையைத் தொட்டுக் கும்பிட்டவள்

மலாக்காவை ஒட்டிய காஜா பேராங்கில் இருந்த மருதப்பனுக்கு இரண்டாம் தாரத்தில் பிறந்தவள் ருக்மணி. ஆஸ்பத்திரியில் படுக்கை விரிப்புத் துவைக்கிற வேலை. மலாயாவுக்குச் சுதந்திரம் கிடைத்த மறு வருஷம், மலாக்காவில் பெண்களுக்குக் குதிரை தாண்டும் போட்டி வைத்தார்கள். குதிரை என்றால் நாலு கால் வைத்துத் தோல் போர்த்திய உயரமான திண்டுதான். ஓடிவந்து, அதில் கை மட்டும் ஊன்றி, கால் படாமல் தாண்டி, நடுவர் கொடி தூக்கும்வரை அசையாமல் நிற்க வேண்டும். முதலாவதாக வருகிறவள் கோலாலம்பூருக்குப் போகலாம்.

அன்றும் விடியலிலிருந்து துவைத்துவிட்டுத்தான் வந்திருந்தாள். தோள் இரண்டும் கழன்று விழுவதுபோல வலித்தன. இருந்தும் ஓடினாள், தாண்டினாள். அசதியில் இடது கால் மட்டும் சரியாக எழும்பாமல் தோலை உரசியது. யாரும் கவனிக்கவில்லை. ஆணி அடித்தாற்போல இறங்கி நின்றாள்.

கொடி எழும்புவதற்குள் திரும்பிக் குனிந்து, கால் பட்ட இடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அசைந்ததற்கு மார்க்கில் ஒரு வெட்டு, கும்பிட்டதால் தெரிந்துபோன கால் உரசலுக்கு இன்னொரு வெட்டு. இரண்டாவது இடம்தான் கிடைத்தது.

திரும்பும் பஸ்ஸில் அத்தை கண்ணம்மா பொருமினாள்.

“கால் பட்டத எவளாச்சும் பார்த்தாளா?”

“இல்ல அத்தை.”

“பின்ன எதுக்குடி கும்பிட்ட? ஐயனார் குதிரையா அது?”

“கை அதுவாப் போயிருச்சு.”

“அந்தக் கைய வீட்லயே விட்டுட்டு வந்திருக்கலாம்ல?”

“அப்புறம் எத ஊணித் தாண்டுறது?” என்று ஜன்னலில் தலை சாய்த்தாள் ருக்மணி. சிரிக்கத் தெம்பில்லை.

காஜா பேராங் வந்ததும் அத்தைதான் தட்டி எழுப்பினாள். அரைத்தூக்கத்தில் எழுந்தவள் அத்தையின் காலை மிதித்துவிட்டாள். அப்போதும் கை அதுவாகத்தான் கீழே போனது.