தாண்டிப்போன தட்டு

எங்கள் தேயிலைத் தோட்டத்துச் சிற்றாலயத்துக்குப் போதகர் அடிவாரத்துத் தாப்பாவிலிருந்து மாதம் ஒரு முறைதான் மலையேறி வருவார். மற்ற ஞாயிறுகளில் ஆராதனை நடத்துவது நான். தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். வேதத்தைத் திருத்தமாக வாசிப்பேன். போதகர் வரும் வாரம் திருவிருந்து இருக்கும். முந்தின நாள் உலர்ந்த திராட்சையை வேகவைத்துப் பிழிந்து ரசம் எடுப்பதும், மறுநாள் அதைச் சின்னக் கண்ணாடிக் கிண்ணங்களில் ஊற்றி, தட்டில் வைத்து வரிசை வரிசையாகக் கொண்டுபோவதும் என் வேலை.

என் ஒரே மகள் மலையில் இன்னும் மேலே திரிங்காப்பில் காய்கறித் தோட்டம் போட்டிருக்கும் இந்துப் பையனைக் கட்டிக்கொண்டாள். கல்யாணத்துக்கு நான் போகவில்லை. அவள் விசுவாசத்தை விடவில்லை என்று என் மனைவி சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மனைவி இறந்தபின் வந்த கிறிஸ்துமஸுக்கு மகள் ஆலயத்துக்கு வந்தாள். வீட்டிலிருந்து புறப்படும்போது மாமியார் வைத்துவிட்ட குங்குமம் நெற்றியில் இருந்தது. திருவிருந்துத் தட்டோடு அவள் வரிசைக்கு வந்தேன். கை நீட்டினாள். நான் தட்டை அவள் தலைக்கு மேலே தூக்கி அடுத்தவருக்கு நீட்டினேன். அவள் கையை மெதுவாக மடிக்குக் கொண்டுபோனாள்.

கேட்டவர்களிடம் கிண்ணம் போதவில்லை என்றேன். வாத்தியார் சொன்னதைத் தோட்டத்தில் யாரும் மறுத்துப் பேச மாட்டார்கள். பல வருஷம் அந்தப் பொய்யோடு நின்று ஜெபம் நடத்தினேன். உறுத்தவில்லை என்பதைத்தான் இன்று எழுதக் கூசுகிறது. கர்த்தருடைய பந்தியின் சுத்தத்தைக் காப்பாற்றியதாகவே நினைத்திருந்தேன்.

போன வருஷம் ஒரு சனிக்கிழமைப் பிற்பகல். ஆலயத்துக்குப் பின்னாலுள்ள சமையலறையில் வெந்த திராட்சையைத் துணியில் கட்டிப் பிழிந்துகொண்டிருந்தேன். விரல்களில் வலு இல்லை. துணி நழுவிப் பாத்திரத்தைத் தட்டிவிட, ரசம் முழுவதும் தரையில் கொட்டிவிட்டது. துடைக்க மண்டியிட்டவனால் எழுந்திருக்க முடியவில்லை. பரம தகப்பனே என்று ஆரம்பித்தேன், மேலே வார்த்தை வரவில்லை. எனக்குத் தெரிந்த ஜெபமெல்லாம் மற்றவர்கள் கேட்பதற்காகச் சொன்னவை.

அப்போது அந்த அறையில் நான் தனியாக இல்லை என்று தெரிந்தது. குரல் கேட்டது, வெளிச்சம் வந்தது என்று சொன்னால் அது இன்னொரு பொய். பக்கத்தில் ஒருவர் இருந்தால் எப்படித் தெரியுமோ அப்படித் தெரிந்தது. அவருக்கு என்மேல் கோபம் இருந்ததாகத் தோன்றவில்லை. ஆனால் என்னை முழுக்க அறிந்திருந்தார். விருந்து அவருடையது, நான் தட்டு தூக்குகிறவன் என்பது எழுபது வயதுக்கு மேல் விளங்கியது. "என் மகளுக்குக் கொடுக்காமல் போனேன்" என்று வாய்விட்டுச் சொன்னேன். நானாகச் செய்த முதல் ஜெபம் அது.

ராத்திரி வேறு திராட்சையை வேகவைத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டு, வாடகைக் கார் பிடித்துத் திரிங்காப் போனேன். கொட்டகையில் மகள் முட்டைக்கோசைக் கூடையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். மருமகன்தான் முதலில் பார்த்தார்.

"ஸ்ட்ராபெரி வாங்க வர்றவங்க எல்லாம் வழியில கியா பார்ம் சந்தையிலயே நின்னுடுவாங்க. வாத்தியார் இவ்வளவு தூரம் வந்துட்டீங்களே லா," என்றார். ஆனாலும் நாற்காலி எடுத்துப் போட்டார்.

நான் உட்காரவில்லை. "கிண்ணம் போதலைன்னு சொன்னது பொய்மா. வேணும்னுதான் உன்னைத் தாண்டிப் போனேன்," என்றேன்.

அவள் கை வேலையை நிறுத்தவில்லை. "தெரியும். தட்டுல மிச்சம் இருந்துச்சு, பார்த்தேன். வீட்ல இவர் கேட்டப்போ கப் பத்தலைன்னு நானும்தான் சொன்னேன்."

மருமகன் அவளைத் திரும்பிப் பார்த்தார். என் பொய்யை அவளும் சுமந்திருப்பாள் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. மன்னித்துவிடு என்றேன். அவள் இன்னொரு கோசை எடுத்து மேலிலைகளை உரித்துப் போட்டாள்.

"இங்க வந்து என்கிட்ட சொன்னா எப்படி? அத்தனை பேரு முன்னாலதானே செஞ்சீங்க. அங்க சொல்லுங்க."

மறுநாள் திருவிருந்துக்கு முன் போதகரிடம் கேட்டுக்கொண்டு எழுந்து நின்றேன். அன்றைக்குக் கிண்ணம் போதுமான அளவு இருந்தது, குங்குமத்தைப் பார்த்துத்தான் மகளுக்குக் கொடுக்கவில்லை, உங்களிடம் பொய் சொன்னேன் என்றேன். முன்வரிசையிலிருந்து என் வயதுள்ள ஓர் அம்மாள், "எங்களுக்கும் தெரியும் வாத்தியாரே, உக்காருங்க," என்றார். தட்டை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்தேன்.

சாயங்காலம் மகள் போன் செய்தாள். சொன்னீர்களாமே என்றாள். சொன்னேன் என்றேன்.

"வெள்ளிக்கிழமை நம்ம லோரி உங்க ரிங்லெட் பக்கம் வருது. நானும் வர்றேன். நீங்க ஒண்ணும் சமைச்சு வைக்காதீங்கப்பா, உங்க கொழம்பை வாயில வைக்க முடியாது."

இப்போது பெரும்பாலான வெள்ளிக்கிழமைகளில் வருகிறாள். ஆலயத்துக்கு இன்னும் வரவில்லை. அவளிடம் நான் அதைக் கேட்பதில்லை, ஆண்டவரிடம் கேட்கிறேன்.