மாவிலைக்கு அடியில் இருந்த மரம்

மேடம் கையிலிருந்த பஞ்சில் பச்சை ஒட்டியிருந்தது. அவரை நினைத்தாலே எனக்கு அந்தப் பஞ்சுதான் முதலில் கண்ணில் வருகிறது. பிரேசர் டவுனில் பழைய ஓவியங்களைச் செப்பனிடும் கூடம் வைத்திருந்தார். நான் அவருடைய உதவியாளர். "கை வெக்கறதுக்கு முன்னாடி கண்ணை வெய்யி" என்பார். நான் கண் வைத்ததெல்லாம் பெரும்பாலும் சுவர்க் கடிகாரத்தின் மேல்தான்.

அன்று மேசையில் கிடந்தது, பக்கத்துத் தெரு பாய் கொண்டுவந்த ஒற்றை ஓவிய ஏடு. கையால் எழுதிய ஏதோ பாரசீகப் புத்தகத்திலிருந்து பிரிந்தது. பொன் வானம், ரோஜா நிறப் பாறைகள், எல்லாம் ஈரான் பாணி. நடுவில் மட்டும் காய்த்துத் தொங்கும் நம்மூர் மாமரம். "எங்க முன்னோருங்க ஈரான்லேர்ந்து கொண்டாந்தது மேடம். இந்த மாமரம் யாரோ பின்னால சொருகினது. எடுத்துருங்க, அசல் வரட்டும்" என்றார் பாய். அவருடைய குடும்பப் பெருமை முழுக்க அந்த ஏட்டில்தான் இருந்தது. எடுத்த வண்ணத்தைத் திரும்ப வைக்க முடியாது என்று மேடம் சொல்லியும் அவர் கேட்கவில்லை.

ஓர் இலையை மட்டும் ஈரப் பஞ்சால் துடைத்தார் மேடம். அடியில், ஈரான் ஓவியங்களில் ஒல்லியாக நிமிர்ந்து நிற்குமே, அந்த சைப்ரஸ் மரத்தின் நுனி தெரிந்தது. பாய்க்கு முகமெல்லாம் சிரிப்பு. இன்னும் கொஞ்சம் துடைத்தால், அந்த நுனியில் சிவப்பு மூக்கோடு ஒரு கிளி!

"ஈரான் மரத்துல நம்மூரு கிளி எப்படி வந்துச்சு?" என்றார் பாய்.

மேடம் பஞ்சைக் கீழே வைத்துவிட்டார். "முதல்ல இருந்ததுதான் அசல்னா, பாய், வெறும் காகிதத்தைத்தான் உங்களுக்குத் தரணும்."

தெரிந்துதான் நிறுத்தினாரா, என்னைப்போல் குழம்பிப்போய் நிறுத்தினாரா, கேட்கத் தோன்றவில்லை. வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம் என்று வளர்ந்த ஸ்ரீராம்புரத்துக்காரி நான். எனக்கே தலை சுற்றியது.

மேடம் இப்போது இல்லை. கூடம் என் பொறுப்பு. போன வாரம் பாய் அதே ஏட்டோடு வந்தார். "எது ஈரான், எது நம்மூருன்னு பாக்கறதையே விட்டுட்டேம்மா. தொடச்ச எடம்தான் காயம் மாதிரி உறுத்துது. ஒரு மாவிலை வரைஞ்சு மூடிடு."

மூடினால் கிளி போய்விடும். மூடாவிட்டால் மரத்தில் அந்த இடம் மட்டும் மொட்டையாக நிற்கும். மேடம் இருந்தால் திட்டுவாரா, தூரிகையை எடுத்துக் கையில் கொடுப்பாரா, தெரியவில்லை. வரைந்தால் அந்த மாமரத்தில் ஓர் இலை என்னுடையதாகிவிடும். ஆசையாக இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது.