வெறுந்தாள்

என் எழுத்து மேசைக்கு நேர் எதிரே, சுவரில், கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு வெறுந்தாள் தொங்குகிறது. அதில் இருந்த படம் அழிந்துவிட்டதா என்று வருகிறவர்கள் கேட்பார்கள். ஒருநாளும் படம் இருந்ததில்லை. இத்தனை நாவல் எழுதியவருக்கு மாட்ட வேறொன்றும் கிடைக்கவில்லையா என்று என் மனைவியே குத்திக்காட்டியிருக்கிறாள். பீற்றிக்கொள்கிறேன் என்று நினைத்தாலும் சரி, நான் வாங்கிய பட்டம் அதுதான்.

யுத்த காலத்தில், புதுக்கோட்டை சமஸ்தானமாக இருந்தபோது, அங்கே ஒரு சித்திரப் பள்ளியில் சேர்ந்தேன். ஓவியம் எனக்குச் சுட்டுப் போட்டாலும் வரவில்லை. நான் மாடு வரைந்தால் கீழே மாடு என்று எழுதவேண்டியிருந்தது. கதை எழுதவும் அங்கே ஒரு வகுப்பு உண்டு. என்னை அதில் தள்ளிவிட்டார்கள். அந்த வகுப்பின் முறையே தனி. ஒருவர் எழுதியதை இன்னொருவர் உரக்கப் படிப்பார். ஓவிய மாணவர் ஒருவர் அதைக் கேட்டுக் கரித்துண்டால் வரைவார். எழுத்தில் இல்லாத எதையும் அவர் சேர்க்கக் கூடாது. எனக்கு வாய்த்தவர் வல்லத்திராக்கோட்டைக்காரர், என்னைவிட மூத்தவர். அண்ணன் என்றே கூப்பிடுவேன்.

முதல் நாள் அந்தி வானத்தையும் சோகமே உருவான ஒரு நங்கையையும் பக்கம் முழுக்கப் பொழிந்திருந்தேன். படித்து முடித்ததும் அண்ணன் தாளை அப்படியே நீட்டினார். ஒரு கோடுகூட இல்லை.

"நானும் காதத் தீட்டிக்கிட்டுத்தான் ஒக்காந்திருந்தேன் தம்பி. அந்தப் புள்ள நிக்கிதா, ஒக்காந்திருக்கா, ஒண்ணும் சொல்லலையே. நான் என்னத்தப் போட? நீயே வச்சுக்க."

காகிதம் கிடைக்காமல் ஒரே தாளில் அழித்து அழித்து வரைந்த நாட்கள் அவை. வகுப்பே சிரித்தது. மானம் போயிற்று எனக்கு.

நான் ஓவியத்தில் தேறமாட்டேன் என்ற சேதி பொன்னமராவதியில் பலசரக்குக் கடை வைத்திருந்த அப்பாவுக்கு எட்டிவிட்டது. கூட்டிப்போக நேரிலேயே வந்தார். "படம் போடப் போனவன் கதை எழுதுறியாமே. பொட்டியக் கட்டு, கடையில ஆளில்ல." அந்த ஒரு வகுப்பு முடியட்டும் என்று கெஞ்சினேன். வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார்.

இனி எழுதவே வாய்க்காது என்ற பயத்தில் அன்று அம்மாவை எழுதினேன். நான் சிறுவனாக இருந்தபோதே அவள் போய்ச்சேர்ந்துவிட்டாள். வீட்டில் அவளுக்கு ஒரு போட்டோ கிடையாது. சுளகில் கேழ்வரகு புடைக்கும்போது ஒரு காலை நீட்டி மறுகாலை மடித்திருப்பாள். முந்தானை நுனி பல்லில் இருக்கும். தூசிக்கு முகத்தை இடப்பக்கம் திருப்பி ஒற்றைக் கண்ணைச் சுருக்கியிருப்பாள். அவ்வளவுதான் எழுதினேன். படித்து முடிக்கும்வரை அண்ணனின் கை நிற்கவேயில்லை.

மணி அடித்ததும் அப்பா உள்ளே வந்தார். அண்ணனின் பலகையைத் தாண்டியவர் திரும்பி வந்து அதன் முன்னால் நின்றார்.

"இவள எங்க பாத்தீங்க தம்பி?"

"நான் எங்கிட்டுப் பாத்தேன்? இந்தத் தம்பி எழுதுனதக் கேட்டுப் போட்டேங்க," என்று அண்ணன் என்னைக் காட்டினார்.

அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அந்தப் படத்தைக் கேட்டு வாங்கிச் சுருட்டிக்கொண்டார். "நீ இங்கிட்டே இரு. கடைய நான் பாத்துக்கிறேன்," என்று சொல்லிவிட்டு, என் பெட்டியைத் தொடாமல் போய்விட்டார்.

அந்தப் படம் அப்பாவின் காலம்வரை அவரோடு இருந்தது. நான் அதைக் கேட்டதில்லை. எனக்கு வெறுந்தாள் போதுமாக இருந்தது. அண்ணனும் இப்போது இல்லை. ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் நிமிர்ந்து அந்தத் தாளைப் பார்க்கிறேன். பல நாள் எழுதியதைக் கிழித்துப் போட்டிருக்கிறேன். இன்று எழுதியதைக் கேட்டிருந்தால் அண்ணன் கரித்துண்டைக் கையில் எடுத்திருப்பார். அந்தக் கர்வம் எனக்கு உண்டு.